பையனை லிட்டில் லீகில் சேர்த்தாச்சு, கோச்சிங்குக்கு என்னையும் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

கேள்வி

அமெரிக்கா வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. பையனுக்கு 9 வயது. வசந்த கால சீசனுக்கு லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பால் லீகில் பதிவு செய்திருக்கிறோம். அணிக்குக் கோச் போதவில்லை, உதவிக்கு வர முடியுமா என்று கேட்கிறார்கள். எனக்குக் கிரிக்கெட் தெரியும், பேஸ்பால் தெரியாது. பிள்ளைகளுக்கு உருப்படியாக ஏதாவது சொல்லித்தர முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்

தாராளமாகப் போங்கள். இந்த லீகுகள் பெற்றோர் கை கொடுப்பதால்தான் நடக்கின்றன. பந்தை எறிய, பிடிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள ஒரு பெரியவர் கிடைத்தாலே அணிக்குப் பெரிய பலம்.

முதலில் காகித வேலை. தன்னார்வலர் விண்ணப்பம் நிரப்ப வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் பின்னணிச் சோதனை உண்டு. அது முடியும்வரை பிள்ளைகளோடு களத்தில் இறங்காதீர்கள். இன்னொன்று விசா. சம்பளம் வாங்காமல் உதவுவது வேறு, காசுக்குப் பயிற்சி கொடுப்பது வேறு. நீங்கள் நன்றாகச் சொல்லித்தருவதைப் பார்த்து யாராவது தனி வகுப்புக்குப் பணம் தருகிறேன் என்பார்கள். ஹெச்-1பி விசாவில் ஸ்பான்சர் செய்த நிறுவனத்தைத் தவிர வேறு வேலையில் சம்பாதிக்கக் கூடாது. அன்பாக மறுத்துவிடுங்கள்.

களத்தின் அளவு: இந்த வயதில் ஒரு பேஸிலிருந்து (ஓடித் தொட வேண்டிய இடம்) அடுத்த பேஸ் 60 அடி, பிட்சர் (பந்து வீசுபவர்) நிற்கும் இடத்திலிருந்து பேட் பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் 46 அடி, ஆட்டம் 6 இன்னிங்ஸ் (இரு அணியும் ஒரு முறை பேட் பிடித்தால் ஒரு இன்னிங்ஸ்). பையனின் லீக் வயது என்பது அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று அவனுக்கு இருக்கும் வயது. ஜூலையில் பத்து முடிகிற பையன் ஏப்ரலிலேயே பத்து வயதுக்காரனாகத்தான் ஆடுவான். எந்தப் பிரிவு, எத்தனை பந்து வீசலாம் என்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

கிரிக்கெட் எதில் உதவும், எதில் காலை வாரும்? உயரத்தில் வரும் பந்தைக் கணிக்கும் கண்ணும் இரண்டு கையால் பிடிக்கும் பழக்கமும் பெரிய சொத்து. மறக்க வேண்டியதும் நிறைய. அடித்தவுடன் பேட்டைக் கீழே விட்டுவிட்டு ஓட வேண்டும். அடித்த பந்து ஃபேர் (களத்தின் இரு கோடுகளுக்குள்) என்றால் ஓடியே தீர வேண்டும், வேண்டாம் என்று நிற்க முடியாது. விக்கெட்டுக்குப் பின்னால் தட்டிவிடுகிற அடி இங்கே ஃபவுல், அதாவது கோட்டுக்கு வெளியே போன பந்து. பந்தை வானத்தில் பிடித்துவிட்டால் பேஸில் இருந்தவன் திரும்பிப் போய் அந்த பேஸைத் தொட்ட பிறகுதான் அடுத்ததற்கு ஓடலாம். தரையில் வரும் பந்தை முட்டிபோட்டு மறிக்கச் சொல்லித்தருவோமே, அது அவுட்ஃபீல்டில் (பேஸ்களுக்கு அப்பால்) பரவாயில்லை. இன்ஃபீல்டில் (பேஸ்களுக்கு அருகே) முட்டிபோட்டவன் எழுந்து எறிவதற்குள் ஓடுகிறவன் பேஸைத் தொட்டிருப்பான்.

கிளவ் வாங்கும்போது பலர் கையை மாற்றி வாங்கிவிடுகிறார்கள். வலது கையால் எறிகிற பையனுக்குக் கிளவ் இடது கையில். 9, 10 வயதுக்கு 10.5 முதல் 11.5 அங்குலம் சரி. கடையிலேயே போட்டுப் பார்க்கட்டும். ஒரு கையால் அவனால் மூட முடியவில்லை என்றால் அந்தக் கிளவ்வில் பந்து நிற்காது, அடித்துத் தெறித்துத்தான் விழும். ஒரே மரத்தில் செய்த பேட் தவிர மற்ற பேட்டில் யுஎஸ்ஏ பேஸ்பால் (அமெரிக்க பேஸ்பால் அமைப்பு) முத்திரை இருக்க வேண்டும். 2018 ஜனவரி 1 முதல் லிட்டில் லீகில் அதுதான் விதி. அது இல்லாத பழைய பேட்டைத் தெரிந்தவர் இலவசமாகக் கொடுத்தாலும் ஆட்டத்தில் பயன்படாது. எடைக்கு ஒரு சோதனை: பேட்டின் பிடி நுனியை ஒரு கையால் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டி 15 விநாடி நிற்கச் சொல்லுங்கள். பேட் தொங்கினால் கனம் அதிகம். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்காதீர்கள். கனமான பேட்டைச் சுழற்றும் பையன் பின்தோளைத் தாழ்த்தி இழுத்துத்தான் அடிப்பான். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கஷ்டம். உலோக முள் வைத்த ஷூ இந்தப் பிரிவில் கூடாது.

பதில்

மேலே சொன்னதெல்லாம் சரி. பயிற்சி எப்படி நடத்துவது என்பதை நான் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் இந்த விளையாட்டை வெறுத்து விலகுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு பையன் பேட் பிடிக்கிறான், கோச் பந்து போடுகிறார், மற்ற பதினோரு பேர் களத்தில் நின்று புல்லைப் பிடுங்குகிறார்கள். ஆளுக்குப் பத்து முறை அடிப்பது என்றாலும் எல்லோருக்கும் முறை வர முக்கால் மணி நேரம் ஓடிவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து கிடைத்தது மூன்று நான்கு நிமிடம். ஒரு பிள்ளை எத்தனை தடவை பந்தைத் தொட்டது, எத்தனை தடவை எறிந்தது என்று எண்ணுங்கள். 9 வயதில் நான் பார்க்கும் மார்க் ஷீட் அதுதான். ஆட்டத்தில் வென்றோமா என்பதை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

12 பிள்ளைகள், 90 நிமிடம் என்றால் இப்படிப் பிரியுங்கள். 10 நிமிடம் ஓட்டமும் உடல் சூடேற்றமும். 15 நிமிடம் ஜோடியாக எறிந்து பிடிப்பது. பிறகு மூவர் மூவராக நான்கு குழு, நான்கு இடம், இடத்துக்கு 12 நிமிடம்: டீயில் (பந்தை மேலே வைக்கும் ரப்பர் கம்பம்) அடிப்பது, பிளாஸ்டிக் பந்தை அருகிலிருந்து போட்டு அடிக்க வைப்பது, தரைப் பந்து, உயரப் பந்து. கடைசி 12 நிமிடம் பேஸ் ஓட்டம், அதைப் போட்டியாக வையுங்கள். மீதி 5 நிமிடம் சாமான் எடுத்து வைக்க. டீ இருக்கும் இடத்தில் ஒருவன் அடிக்க, ஒருவன் பந்து வைக்க, ஒருவன் பொறுக்க, ஆளுக்கு நான்கு நிமிடத்தில் 20 முறைக்குக் குறையாமல் அடிக்கலாம். பெரியவர் நால்வர் இல்லையா? பெற்றோரில் இருவரை இழுங்கள். தரைப் பந்தைக் கையால் உருட்டிவிட எந்த அனுபவமும் தேவையில்லை.

பேட் ஒருவன் கையில்தான் இருக்க வேண்டும். அவன் சுழற்றும்போது மற்ற இருவரும் எட்டாத தூரத்தில் அவனுக்குப் பின்னால். இந்த வயதுப் பிரிவில் ஆட்டத்திலும் அடுத்து ஆடப் போகிறவன் வெளியே நின்று பேட் சுழற்ற அனுமதி இல்லை. டக்அவுட்டிலும் (அணி உட்காரும் இடம்) பேட்டைத் தொடக் கூடாது. சும்மா சுழற்றும் பேட்டால் பிள்ளைகளின் பல் போகலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி எறிதல். எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம், அதனால் சீசனின் முதல் இரண்டு வாரம் இதிலேயே செலவானாலும் நஷ்டமில்லை. பந்தைப் பாருங்கள், ஒரு பக்கம் தையல் குதிரை லாடம் போல வளையும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அந்த லாடத்தின் குறுக்கே, விரல் நுனி தையலின் மேல். கட்டைவிரல் நேர் கீழே. பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி தெரிய வேண்டும். கை சிறியது என்றால் மூன்று விரல் வைக்கட்டும், தவறில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி முன்தோள் இலக்கைப் பார்க்க, பந்து கிளவ்விலிருந்து கீழே இறங்கிப் பின்னால் போய் மேலே வர, முழங்கை தோள் உயரத்துக்கு வர, முன்கால் இலக்கை நோக்கி வைக்க, இடுப்பு திரும்ப, பிறகுதான் கை. எறிந்து முடித்த கை எதிர்ப்பக்கத் தொடை வரை இறங்க வேண்டும்.

அடிக்கடி வரும் கோளாறு, பந்தைக் காதுக்குப் பக்கத்திலிருந்து ஈட்டி போலத் தள்ளுவது. முழங்கை தோளுக்குக் கீழே தொங்கும். திட்டினால் சரியாகாது. தூரம் அதிகம், அதுதான் காரணம். 20 அடி தூரத்துக்குக் கூட்டி வாருங்கள், ஒரு முட்டி தரையில் ஊன்றி மேலுடம்பால் மட்டும் பத்துப் பதினைந்து தடவை எறியட்டும், பிறகு எழுந்து நின்று. ஒவ்வொரு வாரமும் ஐந்தைந்து அடி கூட்டலாம். கிரிக்கெட்டில் பந்து வீசிய பையனுக்குக் கையை நீட்டியபடியே சுற்றுகிற பழக்கம் இருக்கும். அவனிடம் பந்து வீசாதே, ஃபீல்டிங்கில் ஸ்டம்பைப் பார்த்து எறிகிறாயே, அதைச் செய் என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வான்.

தரைப் பந்தில் ஒரே ஒரு விஷயம்: கிளவ் தரையிலிருந்து மேலே வரலாம், மேலிருந்து தரைக்குப் போகக் கூடாது. காலை அகட்டி, இடுப்பை இறக்கி, கிளவ்வைத் தரையில் முன்னால் வைத்துக் காத்திருக்கட்டும். மற்றக் கை அதன் மேல் மூடி போல.

அடிப்பதில் டீயை வைக்கிற இடத்தில் கவனம். பந்தை வயிற்றுக்கு நேரே வைத்தால் பையன் கையை மடக்கித்தான் அடிக்க முடியும். நடுவில் வரும் பந்துக்கு முன்காலுக்கு நேராக வையுங்கள். உடம்பை ஒட்டி வரும் பந்துக்கு அதைவிட முன்னால், தள்ளிப் போகும் பந்துக்குக் கொஞ்சம் பின்னால். உயரம் தொடைக்கும் இடுப்புக்கும் நடுவே. பேட் டீயின் ரப்பரையே திரும்பத் திரும்ப அடித்தால் பின்தோள் இறங்குகிறது என்று பொருள். முதலில் பேட்டின் கனத்தைச் சந்தேகப்படுங்கள்.

பந்து வரும்போது முன்கால் வெளியே ஒதுங்கினால் அது பயம். காலைப் பலகை வைத்துத் தடுப்பவர்கள் உண்டு, பயம் அதனால் போகாது. டென்னிஸ் பந்தை மெதுவாக அவன்மேல் போட்டு, முன்தோளை உள்ளே திருப்பி, தாடையை நெஞ்சில் புதைத்து, முதுகில் வாங்கச் சொல்லிக்கொடுங்கள். பட்டாலும் வலிக்காது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு கால் தானாக நேரே வரும்.

தொடர் கேள்வி

மிக்க நன்றி. பையன் நன்றாக எறிகிறான், பிட்சராக ஆக்கலாம் என்கிறார் தலைமை கோச். வெளியூர் போட்டிகளுக்குப் போகும் ஒரு டிராவல் அணியிலும் கூப்பிடுகிறார்கள். மகளுக்கும் ஆசை, சேர்க்கலாமா?

பதில்

மகளைச் சேருங்கள். லிட்டில் லீகில் பெண் பிள்ளைகள் 1974 முதல் ஆடுகிறார்கள். சாஃப்ட்பால்தான் (பெரிய பந்தில் ஆடும் இதே மாதிரி ஆட்டம்) ஆட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது.

பிட்சிங் விஷயத்தில் தயவுசெய்து கண்டிப்பாக இருங்கள். லீக் வயது 7, 8 என்றால் ஒரு நாளைக்கு 50 பந்து, 9, 10க்கு 75, 11, 12க்கு 85. இது உச்ச வரம்பு, எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 14 வயதுவரை ஓய்வுக் கணக்கு இப்படி: 20 பந்துவரை ஓய்வு நாள் தேவையில்லை, 21 முதல் 35 வரை ஒரு நாள், 36 முதல் 50 வரை இரண்டு, 51 முதல் 65 வரை மூன்று, 66க்கு மேல் நான்கு. ஒரு எண்ணில் நாள் மாறிவிடும் என்பதால் 35, 50, 65ஐ நெருங்கும்போது எண்ணுகிறவர் குரல் கொடுக்க வேண்டும். ஒரு பேட்ஸ்மேனுக்கு வீசிக்கொண்டிருக்கும்போது வரம்பு வந்தால் அவன் முடியும்வரை வீசலாம். 41 பந்தோ மேலோ வீசியவன் அன்று கேட்சராக (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) நிற்கக் கூடாது. நான்கு இன்னிங்ஸ் கேட்சராக நின்றவன் அன்று வீசக் கூடாது.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஆட்டத்தில் வீசியதைத்தான் எண்ணுகிறார்கள். இன்னிங்ஸுக்கு முன் வீசும் பந்துகள், வீட்டுப் பின்கட்டில் வீசியவை, தனிப் பயிற்சி, டிராவல் அணி, எதுவும் லீக் எண்ணும் கணக்கில் வராது. லீக் கோச்சுக்கு டிராவல் அணியின் கணக்குத் தெரியாது, அவர்களுக்கு இவர் கணக்குத் தெரியாது. கை ஒன்றுதான். கூட்டிப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள், ஒரு சின்ன நோட்டில் தேதியும் எண்ணிக்கையும் எழுதி வையுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு அணிக்கு வீச வேண்டாம். எம்எல்பியும் (தொழில்முறை பேஸ்பால் லீக்) யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து தந்திருக்கும் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி 9 முதல் 12 வயதுக்கு 12 மாதத்தில் 80 இன்னிங்ஸுக்கு மேல் கூடாது என்கிறது. வருடத்தில் குறைந்தது நான்கு மாதம் எறிதலுக்கு விடுமுறை, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக. அந்த மாதங்களில் நீச்சல், கால்பந்து என்று விடுங்கள். சொல்லித்தருவது நேர்ப் பந்தும் அதே கை வேகத்தில் மெதுவாக வரும் சேஞ்ச்-அப்பும் போதும்.

வளரும் பிள்ளையின் முழங்கையின் உள்பக்க மேட்டில் வளர்ச்சித் தட்டு இன்னும் குருத்தாகவே இருக்கும். ஒவ்வொரு எறியும் அதைப் பிடித்து இழுக்கிறது. பெரியவருக்குத் தசைநாரில் வருகிற அடி, பிள்ளைக்கு அந்தத் தட்டில் விழுகிறது. அதற்குப் பெயரே லிட்டில் லீக் எல்போ என்று வைத்திருக்கிறார்கள். பிள்ளை வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லாது, பிட்சிங்கை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று பயப்படும். பந்து வரிசையாக மேலே போவது, முழங்கை தாழ்வது, வீசிவிட்டுக் கையை உதறுவது, அடுத்த பந்துக்கு அதிக நேரம் எடுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். முழங்கையின் உள்பக்கமோ தோளின் மேல்பக்கமோ தொட்டால் வலிக்கிறது என்றால் ஐஸ் வைத்து அடுத்த வாரம் பார்ப்போம் என்று தள்ளாமல் எறிவதை அன்றே நிறுத்தி, பிள்ளைகளின் எலும்பு பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொடர் கேள்வி

பக்கத்து அணியில் என் தங்கை பையனை ஒவ்வொரு ஆட்டத்திலும் ரைட் ஃபீல்டிலேயே (அவுட்ஃபீல்டின் வலது பக்கம்) நிறுத்துகிறார்கள். கேட்கலாமா?

பதில்

கேட்கலாம், ஆனால் ஆட்டம் முடிந்த சூட்டில் கேட்காதீர்கள். மறுநாள் தனியாக. விதிப்படி ஒவ்வொரு பிள்ளையும் எதிரணியின் ஆறு அவுட்டுக்காவது களத்தில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது பேட் பிடிக்க வேண்டும். எந்த இடத்தில் என்று விதி சொல்லாது. அதனால் "ஏன் இன்ஃபீல்டு தரவில்லை" என்று தொடங்காமல், "இன்ஃபீல்டில் நிற்க அவன் எதைச் சரிசெய்ய வேண்டும்" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில், முதல் பேஸுக்கு வேகமாக வரும் எறியைப் பிடிக்கத் தெரிய வேண்டும் என்பதாக இருக்கும். அதை வீட்டிலேயே, தினம் பதினைந்து நிமிடம், 30 அடியில் தொடங்கிப் பழக்கிவிடலாம். நீங்கள் கோச்சாகும்போது அணி வரிசைத் தாளில் ஒவ்வொரு பிள்ளை பெயருக்கும் எதிரே இன்ஃபீல்டு எத்தனை, அவுட்ஃபீல்டு எத்தனை, வெளியே உட்கார்ந்தது எத்தனை என்று மூன்று கட்டம் போட்டு, ஆட்டம் முடிந்ததும் நிரப்புங்கள். மூன்றாவது ஆட்டத்துக்குள் யாரை விட்டுவிட்டோம் என்று அந்தத் தாளே காட்டிவிடும்.