தை மாதத் திருமணம்: பாதைகள் தடைப்பட்டிருக்கும் வேளையில் எதை முதலில் உறுதி செய்வது?

சுன்னாகம் அண்ணன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்குப் பெப்ரவரி முதற் கிழமையில், தை மாதம் முடிவதற்குள், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை லண்டனில் வேலை செய்கிறார். அவருடைய பெற்றோர் கோண்டாவிலில் இருக்கிறார்கள். எங்கள் பெரியம்மா குடும்பம் திருச்சியில் இருக்கிறது. ஒக்டோபரில் நாள் பார்த்தபோது எல்லாமே இலகுவாகத் தெரிந்தது. 2025 நவம்பர் 28 அன்று டித்வா புயல் இலங்கையில் கரையைக் கடந்து நாட்டையே புரட்டிப் போட்ட பிறகு, எதை நம்பி எந்த ஏற்பாட்டைச் செய்வது என்று தெரியாமல் வீட்டில் எல்லோரும் தடுமாறி நிற்கிறோம்.

கூறைப்புடவைக்கு, அதாவது முகூர்த்தப் புடவைக்கு, காஞ்சிபுரத்தில் சொல்லியிருக்கிறோம். அதைப் பெரியம்மாதான் திருமணத்துக்கு ஐந்து நாள் முன்பு யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வரும் விமானத்தில் கொண்டு வருவதாக இருந்தது. மாப்பிள்ளை நவம்பர் நடுப்பகுதியில் நான்கு பெட்டிகளைக் கப்பலில் அனுப்பியிருக்கிறார்; தோழிப் பெண்களின் உடைகளும் விருந்தினருக்கான அன்பளிப்புகளும் அவற்றில்தான் இருக்கின்றன. ஆறு கிழமையில் வரும் என்று சொன்ன முகவர் இப்போது திகதி எதுவும் சொல்ல மறுக்கிறார். நாதஸ்வரக் குழுவைத் தஞ்சாவூரிலிருந்து அழைக்கவும் பேசி வைத்திருந்தோம். திருமணத்தை வைகாசிக்குத் தள்ளி வைப்பது நல்லது என்று அப்பா சொல்கிறார். மாப்பிள்ளைக்கு அப்போது விடுமுறை கிடைக்காது. இத்தகைய நிலையில் திருமணம் நடத்தியவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

உரும்பிராய் அம்மா எழுதியது:

தம்பி, நாளை மாற்ற வேண்டாம். முகூர்த்த நேரத்தில் மணவறையில் என்னென்ன இல்லாவிட்டால் தாலி கட்ட முடியாது என்று முதலில் தாளில் எழுதிப் பாருங்கள். மணமக்கள், ஐயர், தாலி, கூறை, இரு பக்கத்துப் பெற்றோர், தாய்மாமன் என்று அந்தப் பட்டியல் மிகச் சிறியதாகத்தான் இருக்கும். இவற்றில் எதுவும் கடைசி நேரப் பயணத்தை நம்பி இருக்கக் கூடாது. மற்றவை வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் திருமணம் நிற்கப் போவதில்லை.

தாலியைப் பற்றி நீங்கள் கவலைப்படவே தேவையில்லை. மாப்பிள்ளை வீட்டில் நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கி, அந்தப் பொன்னிலேயே ஆசாரியார் தாலி செய்வதுதான் நம் வழக்கம். அவருடைய பெற்றோர் கோண்டாவிலில் இருப்பதால், பொன் கடல் கடந்து வர வேண்டியதில்லை. பொன்னுருக்கும் நாளுக்கு மாப்பிள்ளை வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று அவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். அந்த நாளைத் திருமணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாக வைத்துக்கொண்டால், அவருடைய பயணம் இரண்டு மூன்று நாள் தடைப்பட்டாலும் தாங்கும்.

என்னைக் கேட்டால், உங்கள் திட்டத்தில் ஆபத்தான இடம் கூறைதான். என் மகனின் திருமணம் 2024 ஆவணியில் நடந்தது. மருமகளின் கூறை நான்கு நாள் முன்புதான் கைக்கு வந்தது. முந்தானைக்குக் குஞ்சம் கட்டி, ஓரம் அடித்து, சட்டைத் துணியை வெட்டித் தைக்க வேண்டியிருந்தது. தையல்கார அக்கா இரவு இரண்டு மணி வரை எங்கள் விறாந்தையில் இருந்து கையில் வேலைப்பாடு செய்ததையும், காலையில் போட்டுப் பார்த்தபோது தோள் பக்கம் இறுக்கமாக இருந்ததால் மருமகள் ஒரு சொல்லும் சொல்லாமல் கண் கலங்கியதையும் என்னால் மறக்க முடியாது. புடவை ஜனவரி 15, தைப்பொங்கலுக்கு முன் வீட்டில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருவது எதுவானாலும் அதைக் கூறையாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பலாலிக்கு வருவது எழுபது எண்பது பேர் ஏறக்கூடிய சிறிய ஏடிஆர் விமானம். காற்றும் மழையும் கூடினால் முதலில் நிறுத்தப்படுவது அத்தகைய சேவைதான். ஒரு நாள் நின்றால் அடுத்த நாள் அத்தனை பேருக்கும் இடம் கிடைக்காது. நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்தப்படுவது உங்களுக்குத் தெரியும். ஆகவே பெரியம்மா குடும்பத்தில் ஒருவராவது கூறையுடன் முன்கூட்டியே வந்துவிட, மற்றவர்கள் கொழும்பு வழியாகவும் வரத் தயாராக இருப்பது நல்லது. கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர்; வெள்ளத்தில் தண்டவாளங்களும் பாலங்களும் பட்ட பாட்டுக்குப் புகையிரதத்தை நம்பாமல், இப்போதே ஒரு வாகனத்துக்குச் சொல்லி வையுங்கள்.

நாதஸ்வரத்துக்குத் தஞ்சாவூர் போக வேண்டுமா, தம்பி? தமிழ்நாட்டு வித்துவான்களே வியந்து போற்றிய தவில் மேதை தெட்சணாமூர்த்தியும், நாதஸ்வர வித்துவான் பத்மநாதனும் வாழ்ந்த அளவெட்டி உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இணுவிலும் இருக்கிறது. இந்த மழையில் நம் கலைஞர்கள் பலருக்குக் கோயில் சேவகமும் குறைந்திருக்கும். அந்தப் பணம் அவர்கள் கைக்குப் போகட்டும்.

லண்டன் ஹரோவிலிருந்து ஒருவர் எழுதியது:

அண்ணா, கப்பல் பெட்டிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பிறகு, அந்த டிசம்பரிலிருந்தே பெரிய நிறுவனங்கள் தம் கப்பல்களைச் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து, தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் பெரும்பாலும் அனுப்புகின்றன. இதனால் மட்டும் பத்து முதல் பதினான்கு நாள் கூடுகிறது. இங்கே முகவர்கள் பலருடைய பெட்டிகளைச் சேர்த்து ஒரு கொள்கலன் நிரம்பும் வரை காத்திருப்பார்கள். கொழும்பில் இறக்கிய பிறகு, அதில் உள்ள அத்தனை பேரின் பொருள்களும் சுங்கத்தில் பிரிக்கப்பட வேண்டும். ஆகவே "ஆறு கிழமை" என்பது, கப்பல் புறப்பட்ட நாளிலிருந்தா, பெட்டியைக் கொடுத்த நாளிலிருந்தா என்று மாப்பிள்ளை கேட்க வேண்டும். கொள்கலனின் இலக்கத்தையும் கப்பலின் பெயரையும் வாங்கினால், கப்பல் நிறுவனத்தின் தளத்திலேயே அது எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். இலக்கம் தர முகவர் தயங்கினால், பெட்டிகள் இன்னும் கிடங்கிலேயே இருக்கக்கூடும். அப்படியானால் உடைகள் உள்ள பெட்டியை மட்டும் திரும்ப எடுத்து, விமானத்தில் கையோடு கொண்டு வருவதே மேல்.

மாப்பிள்ளையின் பயணச்சீட்டு இரண்டு விமானங்களில் என்றால், இரண்டும் ஒரே பதிவில் இருக்கட்டும். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்பரப்பை மூடியபோது நான் டோகாவில் இருந்தேன். கொழும்பு வரை ஒரே பதிவில் வந்தவர்களுக்கு அடுத்த விமானத்தில் இடம் கொடுத்தார்கள். தனித்தனியாக வாங்கியிருந்த என்னைப் போன்றவர்கள் இரண்டாவது சீட்டின் பணத்தை இழந்தோம். லண்டனிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானமும் இருக்கிறது. விலை கூடினாலும் மாப்பிள்ளைக்கு அதையே எடுங்கள்.

காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டுப் பெண் எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். கடைக்காரரிடம் "புடவை எப்போது வரும்" என்று கேட்காதீர்கள். "பாவு தறியில் ஏறிவிட்டதா" என்று கேளுங்கள். பாவு என்னும் நீளவாட்டு நூல்கள் தறியில் ஏறினால்தான் நெய்யத் தொடங்க முடியும். மழைக்காலத்தில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக் காய வைக்க முடியாது. குழித்தறி உள்ள வீடுகளில் கால் வைக்கும் குழியிலேயே தண்ணீர் ஊறிவிடும். ஏறவில்லை என்று பதில் வந்தால், நெய்து முடித்த புடவைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்; மணப்பெண்ணுக்கு அதனால் எந்தக் குறையும் வராது. ரவிக்கைத் துணி பெரும்பாலும் புடவையோடு சேர்த்தே நெய்யப்படும். உங்கள் தங்கைக்கு அளவாக இருக்கும் பழைய ரவிக்கை ஒன்றை இப்போதே திருச்சிக்கு அனுப்பினால், அங்கேயே தைத்து முடித்துப் புடவையுடன் கொண்டு வரலாம். எடுத்து வருபவர் பிளாஸ்டிக் உறையில் வைக்காமல், துவைத்த பருத்தி வேட்டியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். ஈரம் அடைபட்டால் வெள்ளிச் சரிகை கறுத்துப் போகும்.

சுன்னாகம் அண்ணன் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைக்காரரிடம் கேட்டோம், பாவு இன்னும் ஏறவில்லையாம். நேற்று மாலை காணொளி அழைப்பில் தங்கை நெய்து முடித்த புடவைகளைப் பார்த்து, அரக்குச் சிவப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அளவு ரவிக்கை, திருச்சிக்குப் போகும் அயலவர் ஒருவரின் கையில் நாளை புறப்படுகிறது. அண்ணன் முறையான ஒருவர் ஜனவரி 10 அன்று புடவையுடன் வருகிறார். பெட்டிகள் கிடங்கில்தான் இருந்தன; உடைகள் உள்ளதை மாப்பிள்ளை திரும்ப எடுத்துவிட்டார். தஞ்சாவூர்க் குழுவினரிடம் நிலைமையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்; அவர்களும் பெருந்தன்மையோடு புரிந்துகொண்டார்கள். நாளைக் காலை அப்பாவும் நானும் வெற்றிலை பாக்குடன் அளவெட்டிக்குப் போகிறோம்.