பைபாஸ் தேதி குறிச்சாச்சு, அமெரிக்க டிக்கெட்டும் கையில் இருக்கு: எதைத் தள்ளிப் போடுவது?

நெல்லைச்சீமை கேட்டது:

அப்பாவுக்கு 66 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை. ஆஞ்சியோகிராமில் மூன்று குழாயிலும் அடைப்பு, அதோடு இடது மெயினில் 60 சதவீதம் என்று வந்திருக்கிறது. பம்பிங் (இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன்) 50 சதவீதம். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8.9. ஸ்டென்ட் சரிப்படாது, பைபாஸ்தான் என்று சொல்லி வரும் 15ஆம் தேதிக்கு ஆபரேஷன் குறித்திருக்கிறார்கள்.

டாலஸில் இருக்கும் தங்கைக்கு ஏழு வாரத்தில் பிரசவம். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) டிக்கெட் எடுத்தாயிற்று. பயணத் தேதி ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரத்தில் வருகிறது. அப்பா, "எனக்கு நெஞ்சு வலியே இல்லை, மாடி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்வளவுதானே, பேரப்பிள்ளையைப் பார்த்துட்டு வந்து செஞ்சுக்கிறேன்" என்கிறார். போய் வந்து செய்யலாமா? அல்லது ஆபரேஷன் முடித்து அதே டிக்கெட்டில் போக முடியுமா? இடையில் இருக்கும் இந்த இரண்டு வாரத்தில் நாங்கள் என்னென்ன செய்ய வேண்டும்?

இதயப்பிரிவு செவிலி:

போய் வந்து செய்வது வேண்டாம். இடது மெயின் என்பது இதயத்தின் இடது பக்கத்துக்குப் போகிற இரண்டு பெரிய குழாயும் பிரிகிற அடிமரம். அங்கே 50 சதவீதம் தாண்டினாலே பெரிய அடைப்பு என்றுதான் கணக்கு. கிளையில் அடைத்தால் ஒரு பகுதி பாதிக்கும், அடிமரத்தில் அடைத்தால் மருத்துவமனை போய்ச் சேரவே நேரம் இருக்காது. வலி இல்லை என்று அப்பா சொல்வதை வைத்துத் தைரியப்படாதீங்க. நீண்ட நாள் சர்க்கரை நரம்பைப் பாதித்திருந்தால் நெஞ்சு வலி சரியாகத் தெரியாது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாரே, அவருக்கு அதுதான் வலி.

மூன்றாவது வாரத்தில் விமானம் ஏறுவதும் சரியில்லை. விமான நிறுவனங்களின் விதியில் சிக்கல் இல்லாத பைபாஸுக்கு 10 முதல் 14 நாள் போதும் என்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அது ஏற்றிக்கொள்வதற்கான குறைந்தபட்ச வரம்பு. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கிற மாதிரிதான் வைத்திருப்பார்கள். கொடைக்கானலில் இருபது மணி நேரம் நாற்காலியை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரத்தில் ஹீமோகுளோபின் இறங்கியே இருக்கும், இடது நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் நீர் நிற்கலாம், பைபாஸ் ஒட்டுக்காகக் காலில் ரத்தக்குழாய் எடுத்த இடத்தில் வீக்கம் இருக்கும். நெஞ்செலும்புப் புண்ணில் சீழ் வைப்பதும் பெரும்பாலும் முதல் 30 நாளுக்குள்தான் வெளியே தெரியும். அது நடுவானத்தில் தெரிய வேண்டாம். நெஞ்செலும்பு கூட 6 முதல் 8 வாரம், நன்றாக இறுக 12 வாரம். இவ்வளவு நீண்ட பயணத்துக்கு 12 வாரம் கழித்து, எக்கோ, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை பார்த்து, சர்ஜன் எழுதிக் கொடுத்த பிறகு தேதி போடுங்கள்.

இந்த இரண்டு வாரத்தில் முதல் வேலை: நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் 5 மில்லிகிராம் மாத்திரை அவருக்கு எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால் ஒன்று சட்டைப்பையில், ஒன்று தலைமாட்டில். நெஞ்சு இறுக்கம், தாடை வலி, திடீர் மூச்சிரைப்பு எது வந்தாலும் உட்கார வைத்து நாக்குக்கு அடியில் ஒன்று. நின்றுகொண்டு போட்டால் பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார். 5 நிமிடத்தில் விடவில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள், நீங்களே காரில் வைத்து ஓட்டாதீர்கள். ஆண்மைக்கான மாத்திரை ஏதாவது எடுத்திருந்தால் இதைப் போடவே கூடாது. கூச்சப்படாமல் அப்பாவிடம் கேட்டுவிடுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது கால். ஒட்டுப் போட ரத்தக்குழாயை அனேகமாகக் காலிலிருந்துதான் எடுப்பார்கள். விரல் இடுக்கை விரித்துப் பாருங்கள். சேற்றுப்புண், வெள்ளையாக ஊறிப்போன தோல், பித்தவெடிப்பு இருந்தால் இன்றே தோல் மருத்துவரிடம் காட்டிக் களிம்பு வாங்குங்கள். அந்த வழியாகக் கிருமி ஏறி, ரத்தக்குழாய் எடுத்த கால் சிவந்து வீங்குவது நிறைய நடக்கிறது. பல்லிலும் அதே கதை: ஆடுகிற பல், சீழ் வைத்த ஈறு இருந்தால் சர்ஜனிடம் சொல்லிவிட்டுப் பல் மருத்துவரைப் பாருங்கள், அவசரத்துக்கு நீங்களாகப் பிடுங்க வைக்காதீர்கள். கையிலிருந்தும் குழாய் எடுப்பார்களா என்று கேளுங்கள். எடுப்பதாக இருந்தால் அந்தக் கையில் இனி ரத்தம் எடுக்கவோ ஊசி குத்தவோ விட வேண்டாம்.

முந்தின இரவும் அன்று காலையும் குளோர்ஹெக்ஸிடின் திரவத்தில் குளிக்கச் சொல்வார்கள். கழுத்துக்குக் கீழே தேய்த்து, சொன்ன நேரம் வரை ஊற விட்டுக் கழுவ வேண்டும், கண்ணிலும் காதிலும் படக் கூடாது. பிறகு எண்ணெய், பவுடர், சந்தனம் எதுவும் வேண்டாம். வீட்டிலேயே பிளேடு வைத்து நெஞ்சை மழித்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் எல்லாம் கிருமிக்கு வாசல். அங்கே கிளிப்பரால் எடுப்பார்கள்.

ரத்தம் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்யச் சொன்னால், ஆண்கள் கடைசியாகக் கொடுத்து 90 நாள், பெண்கள் 120 நாள் ஆகியிருக்க வேண்டும். கேட்டதைவிட இரண்டு பேரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே என்று யாராவது திரும்பி வருவார்கள்.

மருந்துச்சீட்டு:

மாத்திரை விஷயத்தை மட்டும் சொல்கிறேன். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் "கடைசியாக எந்தத் தேதி, எந்த வேளை" என்று சர்ஜனிடமோ மயக்க மருந்து டாக்டரிடமோ எழுதி வாங்குங்கள். வழக்கமாக எப்படிச் சொல்வார்கள் என்று தெரிந்திருந்தால் விட்டுப்போனதைக் கேட்க முடியும்.

ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் 5 நாள் முன்பு நிற்கும். 15ஆம் தேதி ஆபரேஷன் என்றால் கடைசி மாத்திரை 9ஆம் தேதி. அது உடம்பில் இருந்தால் ரத்தம் கசிவது நிற்காது, மறுபடி திறக்க வேண்டி வரும். அதே வகையான பிரசுக்ரல் என்றால் 7 நாள். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்த மாட்டார்கள்.

இங்கேதான் ஆள் தடுக்கி விழுகிறார்கள். குளோபிடோக்ரலை நிறுத்தச் சொன்னார்கள் என்று வீட்டில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் கலவை மாத்திரைக்குள் இருக்கும். டிப்ளாட் ஏ என்றால் குளோபிடோக்ரலும் ஆஸ்பிரினும் சேர்ந்தது. எகோஸ்பிரின் கோல்டு என்றால் ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, குளோபிடோக்ரல் மூன்றும். அதே எகோஸ்பிரினில் ஏவி என்று போட்டிருந்தால் குளோபிடோக்ரல் கிடையாது. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கலவையை நிறுத்தினால் தொடர வேண்டிய ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் சேர்ந்தே நின்றுபோகும், அவற்றைத் தனியாக எழுதி வாங்க வேண்டும்.

சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை இருந்தால் 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். மெட்ஃபார்மினோடு கலந்தும் வருகிறது. பட்டினி கிடக்கும் உடம்பில் இது கீட்டோன் அமிலத்தை ஏற்றிவிடும். சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டும், அதனால் கண்டுபிடிக்கவும் தாமதமாகும். இன்சுலினுக்கு மாற்றுவார்கள், பயப்பட வேண்டாம். 8.9 என்கிற எண் இரண்டு வாரத்தில் இறங்காது, அது மூன்று மாதச் சராசரி. அதற்காக ஆபரேஷனைத் தள்ளவும் மாட்டார்கள். தினசரி அளவை 180க்குக் கீழே வைத்துக்கொண்டால் புண் ஆறும்.

டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில் வகைப் பிரஷர் மாத்திரையைக் கடைசி நாளில் விடச் சொல்லலாம், மயக்கத்தில் பிரஷர் அதிகம் இறங்கும் என்பதால். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால் போன்றதை அன்று காலைகூட ஒரு மடக்குத் தண்ணீரில் கொடுப்பார்கள், அதைத் திடீரென நிறுத்துவதுதான் ஆபத்து. பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, லேகியம், பஸ்பம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேசையில் வையுங்கள். குழம்பில் போடும் பூண்டு தப்பில்லை. பீடி, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை இன்றோடு நிற்க வேண்டும். நாலு வாரம் கிடைத்தால் நல்லது, இரண்டு வாரம் என்றாலும் விடுவதே மேல்.

பிசியோ மேசை:

மூணு பந்து இருக்கிற மூச்சுப்பயிற்சிக் கருவியை இன்றே வாங்குங்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் கற்றுக்கொடுத்தால் வலியில் ஏறாது. பத்தில் பாதிப் பேர் இதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, இழுக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சு முழுக்க வெளியே விட்டுவிட்டு, குழாயை உதட்டால் இறுக்கி, மெதுவாக உள்ளே இழுங்கள். பந்துகளின் மேல் 600, 900, 1200 என்று போட்டிருக்கும். மூன்றையும் படக்கென்று மேலே தட்டுவதில் பலன் இல்லை. ஒன்றோ இரண்டோ பந்து 3 நொடி மேலேயே நிற்கட்டும். கருவியைச் சாய்த்துப் பிடித்தால் பந்து சுலபமாக ஏறும், அது ஏமாற்று. ஒரு தடவைக்குப் பத்து மூச்சு, தலை சுற்றினால் நிறுத்திவிட்டு அப்புறம். கபாலபாதி, மூச்சை அடக்குகிற பயிற்சி எல்லாம் இப்போது வேண்டாம்.

இருமலும் இப்போதே பழகட்டும். சின்னத் தலையணையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து அடக்குகிறவர்களுக்குத்தான் சளி கட்டிக் காய்ச்சல் வருகிறது. எழுந்திருப்பது: ஒருக்களித்துப் படுத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, உடம்பு ஒரே கட்டையாக எழ வேண்டும். உதவுகிறவர் தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுங்கள். கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், இழுப்பு முழுக்க நெஞ்செலும்பில் விழும்.

வீட்டில் பாய் போட்டுத் தரையில் படுப்பவர் என்றால் கட்டில் போடுங்கள். இந்தியக் கழிப்பறை மட்டும் இருந்தால் நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை நாலு, டிஜிட்டல் எடை மிஷின் ஒன்று. ஆபரேஷன் முடிந்த 12 வாரத்துக்கு 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிறைந்த தண்ணீர்க் குடம் 12 கிலோவைத் தாண்டும், சிலிண்டரை உருட்டுவதும் கூடாது. பஸ் கம்பியில் தொங்குவது, ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்து எழுவது எல்லாம் அதே கணக்குதான்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். ஒரே நாளில் 1 கிலோ அல்லது வாரத்தில் 2 கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது, மருத்துவமனைக்குப் போன் போடுங்கள். 100.4 டிகிரிக் காய்ச்சல், புண்ணில் கசிவு, இருமும்போது நெஞ்செலும்பில் டொக்கென்று சத்தம், படபடவென்று தாறுமாறான துடிப்பு, இவற்றில் எதற்கும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

பயண மேசை:

டிக்கெட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். புறப்படும் நேரத்துக்கு முன் சொல்லாமல் வராமல் போனால் திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்து செத்துவிடும். முதலில் பிஎன்ஆரைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒன்றாகவே இருந்தால் அப்பாவுக்குச் செய்யும் மாற்றம் அம்மாவையும் இழுத்துக்கொள்ளும். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் அவர்தான் பிரிக்க வேண்டும்.

டாக்டரிடம் வாங்கும் கடிதம் மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும்: பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், நோய், ஆபரேஷன் தேதி, எந்தத் தேதி வரை பயணத்துக்குத் தகுதியில்லை, டாக்டரின் பதிவு எண், முத்திரை. "ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதிய சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைக் காட்டி மாற்றுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேளுங்கள். புதுத் தேதி இப்போதே போட வேண்டாம், ஓப்பனாக வைக்க முடியுமா என்று பாருங்கள். பொதுவாக டிக்கெட் எடுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் பயணம் தொடங்க வேண்டும். ரத்துதான் வழி என்றால், இந்திய விமான நிறுவனமாக இருந்தால் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டுக்கும் அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் திருப்பித் தர வேண்டும். பணமாக வேண்டுமா கிரெடிட்டாக வேண்டுமா என்பது உங்கள் விருப்பம், அவர்கள் தலையில் கட்ட முடியாது.

அமெரிக்க விசிட்டர் விசாவைப் பற்றிக் கவலை வேண்டாம். காலாவதி ஆகாத வரை தேதி மாறினால் ஒன்றும் இல்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும்போதுதான் தீர்மானிக்கிறார்கள். பயணக் காப்பீட்டை மறுபடி எடுக்கும்போது பைபாஸை மறைக்காதீர்கள். ஏற்கெனவே இருந்த நோய்க்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்ற பக்கத்தை மட்டுமாவது வரி விடாமல் படியுங்கள்.

நெல்லைச்சீமை:

மிக்க நன்றி. அட்டையைத் திருப்பிப் பார்த்தோம், எகோஸ்பிரின் கோல்டுதான் சாப்பிட்டு வருகிறார். நாளைக் காலை டாக்டரிடம் கேட்கிறேன். இன்னொரு கேள்வி: அம்மா மட்டும் குறித்த தேதியில் போகலாமா? தங்கை தனியாக இருக்கிறாள்.

இதயப்பிரிவு செவிலி:

முதல் ஆறு வாரம் அப்பாவுக்கு இரவும் பகலும் ஒரு ஆள் வேண்டும். மருந்து, எடை, சர்க்கரை, புண், கழிப்பறைக்குப் போக எழுப்பிவிடுவது என்று எல்லாவற்றையும் பார்க்கிற ஆள். அது நீங்களோ உங்கள் மனைவியோ என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் அம்மா போகலாம். முடியாது என்றால் சம்பந்தியம்மா முதல் இரண்டு மாதம் போய் இருக்க முடியுமா என்று கேளுங்கள். அப்படியானால் அப்பாவும் அம்மாவும் 12 வாரம் கழித்துச் சேர்ந்தே போகலாம். குழந்தைக்கு அப்போது ஒன்றரை, இரண்டு மாதம் ஆகியிருக்கும், மடியில் வைத்துக் கொஞ்சத் தடையில்லை. அந்தப் பயணத்தில் விமான நிலையத்தில் வீல்சேர் கேளுங்கள், நடைபாதையோர இருக்கை எடுங்கள், மணிக்கொரு தரம் எழுந்து நடக்கட்டும். மூன்று மாத மருந்து அட்டையோடு கைப்பையில் இருக்கட்டும், டிஸ்சார்ஜ் சம்மரியும் அதே பையில். 23 கிலோ பெட்டியைப் பெல்டிலிருந்து அவர் இறக்கக் கூடாது, கூட வருகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.