நிறுத்தி வைத்த காரில் பற்றறி இறங்குவதற்கு ஒரு சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

திருகோணமலை நகரிலிருந்து, தொடங்கியவர்:
எல்லோருக்கும் வணக்கம். வாகனத் திருத்துநர் வகுப்புக்கான கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சாவியை எடுத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் காருக்குள் ஏதோ ஒன்று கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். நாலைந்து நாளில் பற்றறி இறங்கிவிடும். ஆங்கிலத்தில் பராசிட்டிக் ட்ரெயின் (parasitic drain) என்பார்கள். நான் 'ஒட்டுண்ணி மின்னோட்டம்' என்று எழுதினேன். வகுப்பில் வாசித்தபோது பின்வாங்கிலிருந்து, "சேர், நாய் உண்ணியா, மாட்டு உண்ணியா?" என்று கேட்டார்கள்.

மூதூரிலிருந்து:
சேர், பிள்ளைகள் கேட்டதில் பிழையில்லை. ஒட்டி உண்பது ஒட்டுண்ணி. இங்கே மின்னோட்டம் உண்ணவில்லையே, உண்ணப்படுகிறது. அணையாத டிக்கி விளக்கு செய்த குற்றத்துக்கு மின்னோட்டத்தின் மேல் பழி போடுகிறீர்கள். என் கட்சி 'குருவிச்சை இழுவை'. மாமரத்தில் ஒட்டி அதன் சாற்றை உறிஞ்சி வளரும் குருவிச்சையைப் பார்க்காதவன் நம் மாவட்டத்தில் உண்டா? குருவியின் எச்சத்தில் விதை பரவுவதால் குருவியெச்சம் என்று இருந்து மருவியிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எச்சம் இச்சையாக மருவ வழியில்லை ஐயா. குருவி இச்சிக்கும் பழம், அதனால் குருவிச்சை.

மூதூரிலிருந்து:
இச்சை வடசொல். மரத்தைத் தினமும் பார்த்தவன் அதற்குத் தன் மொழியில் பெயர் வைக்காமலா இருந்திருப்பான்?

உப்புவெளியிலிருந்து, கராச்:
அண்ணைமார், குருவியைக் கொஞ்சம் விடுங்கோ. நாங்கள் சொல்லுவது 'கரண்ட் லீக்'. 'மின்கசிவு' என்று போட்டால் கதை முடிந்தது. பாடநூலில் 'ஆளி' என்று படித்த பெடியனும் கடைக்குப் போனால் சுவிட்ச் என்றுதானே கேட்கிறான்.

திருகோணமலை நகரிலிருந்து:
கசிவில் ஒரு சிக்கல் இருக்கிறது தம்பி. பற்றறியிலிருந்து அசிட் கசிகிறது என்று நினைப்பார்கள். அதோடு நமது கடற்கரைக் காற்றில் பற்றறியின் மேல்முகத்தில் உப்பும் ஊத்தையும் ஈரமும் படிந்து, இரண்டு முனைகளுக்கும் இடையே அதன் வழியாகவே கொஞ்சம் மின் ஓடும். கசிவு என்ற சொல் அதற்குத்தான் சரியாகப் பொருந்தும். அதைத் துடைத்தால் போய்விடும். நான் கேட்பது வேறு.

உப்புவெளியிலிருந்து, கராச்:
அது சரி சேர். ஆனால் ஒட்டுண்ணி என்றாலும் குருவிச்சை என்றாலும் வேறொரு ஆபத்து இருக்கிறது. நல்ல காரிலும் 20 முதல் 50 மில்லியம்பியர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மணிக்கூடு, அலாரம், ரிமோட் பூட்டு எல்லாம் அதில்தான் நிற்கின்றன. அது காவல்காரனுக்குப் போடும் சோறு. 50 என்றால் நாளுக்கு 1.2 அம்பியர் மணி. 60 அம்பியர் மணிப் பற்றறி பாதியாக 25 நாள் ஆகும். அதே காரில் அரை அம்பியர் ஓடினால் நாளுக்கு 12, ஐந்தாம் நாள் சுத்தமாகக் காலி. போன மாதம் ஒரு பெடியன் பல்மானியை (மல்டிமீட்டரை) பற்றறியின் மறை முனையில் தொடராகப் பூட்டி, 30ஐக் கண்டதும் 'லீக்' என்று கத்திக்கொண்டு ஒவ்வொரு பியூசாகப் பிடுங்கத் தொடங்கிவிட்டான். இன்னொருவன் கதவைச் சாத்திய உடனே அளந்தான். கார் கம்பியூட்டர்கள் தூங்க அரை மணித்தியாலமாவது விடவேண்டாமா? அவனுக்கு அம்பியர் கணக்கில் காட்டியது. பிறகு சாவியையும் திருப்பினான். மீட்டரின் பியூஸ் போய்விட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். இயல்பானது 'உறங்கோட்டம்', மிஞ்சிப் போனது 'களவோட்டம்'. களவுக் கரண்ட் என்று ஏற்கனவே பேச்சில் இருக்கிறது.

மூதூரிலிருந்து:
உறங்கோட்டத்தில் உறங்குவது எது? காரா, ஓட்டமா? ஒட்டுண்ணியில் நான் பிடித்த பிழையை நீங்களும் செய்கிறீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
உண்கலம் உண்கிறதா ஐயா? வினைத்தொகைக்கு அந்தச் சலுகை உண்டு.

மூதூரிலிருந்து:
சரி, அதை விடுகிறேன். களவு? தொல்காப்பியத்தில் களவியலுக்கு அடுத்தது கற்பியல். உங்கள் களவோட்டம் எந்தக் கற்பில் போய் முடியும்?

உப்புவெளியிலிருந்து, கராச்:
பியூஸைப் பிடுங்கினால் முடியும்.

திருகோணமலை நகரிலிருந்து:
வியாழன் இரவாகிவிட்டது. 'உறங்கோட்டம்', 'களவோட்டம்' இரண்டையும் போட்டு அனுப்பிவிட்டேன். களவோட்டத்துக்குப் பக்கத்தில் முதல் தடவை மட்டும் 'கரண்ட் லீக்' என்றும் போட்டிருக்கிறேன். எனக்கும் முழுத் திருப்தி இல்லை. களவு என்றால் யாரோ வெளியாள் எடுப்பது போல இருக்கிறது. இங்கே எடுப்பது காரின் சொந்த உறுப்பு. ஆனால் மூன்று பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் களைத்துப்போய் எழுதுவதையே விட்டுவிட்டார்கள்.

மூதூரிலிருந்து:
நான் களைக்கவில்லை. பிறகு பொருத்திய அலாரமும் ட்ராக்கரும் குடித்தால், அது வெளியிலிருந்து வந்து மரத்தில் ஒட்டியதுதானே? அடுத்த பதிப்புக்குக் குருவிச்சையைக் குறித்து வையுங்கள்.