சப்பாத் முதல் என்டூம்ப்ட் வரை: அந்தக் கனமான சத்தம் கிட்டாரில் வருவது எப்படி?

பிளாக் சப்பாத், மெல்வின்ஸ், சவுண்ட்கார்டன், நிர்வாணா, என்டூம்ப்ட் சத்தத்தை ஒத்திகை அறையில் கொண்டுவரப் பார்த்து நடுவழியில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. எங்கே சிக்குகிறது, எதை மாற்றினால் சரியாகிறது என்று இந்த இழையில் எழுதுவோம். கம்பியின் தடிமன், டியூனிங், குமிழ் நிற்கும் இடம் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் படிப்பவருக்கு உதவும்.

*

சப்பாத்திலிருந்தே தொடங்க வேண்டும். அதன் கிட்டார்க்காரர் டோனி ஐயோமி இடது கைப் பழக்கமுள்ளவர். பர்மிங்ஹாமில் தகடு வேலை செய்யும் ஆலையில் 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி, வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போய்விட்டன. ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தும் கை அதுதான். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டார். உறை போட்ட விரலுக்குக் கம்பி எவ்வளவு அழுந்துகிறது என்றே தெரியாது. மெல்லிய கம்பி தேவைப்பட்டது. அப்போது அப்படி ஒரு செட் கடையில் கிடைக்காததால் பாஞ்ஜோ கம்பிகளை எடுத்துப் போட்டார். 1971இல் வந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு டியூனிங்கையே மூன்று ஹாஃப் ஸ்டெப் (ஒரு ஹாஃப் ஸ்டெப் என்றால் ஒரு ஃப்ரெட் அளவு) இறக்கினார். கீஸர் பட்லரின் பேஸும் கூடவே இறங்கியது.

இதில் நடப்பது என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். அடிக் கம்பியின் ஈ 82.4 ஹெர்ட்ஸ். மூன்று ஹாஃப் ஸ்டெப் இறக்கினால் சி ஷார்ப், 69.3 ஹெர்ட்ஸ். கம்பி மாறாமல் இருந்தால் இழுவிசை சுமார் 29 சதவீதம் குறைந்துவிடும். தளர்ந்த கம்பியை வேகமாக மீட்டினால் தொடக்கத்தில் சுருதி மேலே ஏறி, பிறகு கீழே வந்து அமரும். டியூனரைப் பார்த்துக்கொண்டே ஒரு தட்டு தட்டுங்கள்: முள் வலப்பக்கம் ஓடி, அரை நொடியில் நடுவுக்குத் திரும்பும். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) வாசிக்கும்போது காதில் விழுவது அந்த முதல் பகுதிதான். அதனால் டியூன் செய்யும்போதும் பாட்டில் அடிக்கும் அதே வேகத்தில் அடித்து, அந்த முதல் பகுதிக்குத்தான் முடுக்க வேண்டும்.

பலருக்கும் தவறுவது இங்கேதான். 10–46 செட்டை (கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) அப்படியே சி ஷார்ப்புக்கு இறக்கிவிட்டு, கம்பி கொழகொழவென்று இருக்கிறதே என்று கெயினை (சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்கும் குமிழ்) ஏற்றுகிறார்கள். சேறுதான் மிஞ்சும். பழைய இறுக்கம் வேண்டுமென்றால் அடிக் கம்பி 54 அல்லது 56 ஆக வேண்டும். டி-க்கு 52, பி-க்கு 60 முதல் 62. இந்தக் கணக்கு 25.5 அங்குல ஸ்கேலுக்கும் (கம்பி அதிரும் நீளம்) 24.75க்கும் ஒன்றுதான், ஏனென்றால் பழைய கம்பியோடுதான் ஒப்பிடுகிறோம். ஆனால் 24.75 ஸ்கேலில் எல்லாமே தொடக்கத்திலிருந்தே சுமார் 6 சதவீதம் தளர்வு என்பதால், அங்கே ஒரு எண் கூட்டிப் போடுவது நல்லது. சப்பாத்தின் அந்த இழுபடும் தொனியே வேண்டுமென்றால் மாறாக மெல்லிய கம்பியை வைத்துக்கொண்டு, ஃப்ரெட்டில் பஞ்சுபோல அழுத்திப் பழக வேண்டும். விரலை ஊன்றினால் ஒவ்வொரு கார்டும் சுருதி விலகும்.

இன்னொன்று. ஐயோமி லேனி ஆம்ப்புக்கு முன்னால் வைத்தது ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டர். டிஸ்டார்ஷன் ஆவதற்கு (சத்தம் உடைவதற்கு) முன்பே அடித்தொனியை மெலிதாக்கி, மேல்தொனியை முன்னே தள்ளும் பெட்டி அது. இன்றைய மெட்டல்காரர்கள் டியூப் ஸ்க்ரீமர் பெடலில் டிரைவை சுழியத்திலும் லெவலை முழுசிலும் வைத்து ஆம்ப்புக்கு முன்னால் போடுவதும் அதே காரணத்துக்காகத்தான். அடித்தொனி அதிகமாக உள்ளே போனால் டிஸ்டார்ஷன் அதைக் கரைத்துக் குழப்பிவிடும்.

*

அண்ணா சொன்ன 54 கணக்கு சரி. ஆனால் கம்பியை மட்டும் மாற்றிவிட்டு நட்டையும் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டு) பிரிட்ஜையும் (மறுமுனையில் உடல்மேல் கம்பிகளைத் தாங்கும் பகுதி) மறந்தால் வேலை பாதியில் நிற்கும்.

54 கம்பி 46க்கு வெட்டிய பள்ளத்தில் உட்காராது, மேலேயே நிற்கும். கீயைத் திருகும்போது முதலில் அசையாது, பிறகு டிங்கென்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவும். பள்ளத்தை அகலப்படுத்தினால் போதும், ஆழப்படுத்தக் கூடாது. நட் அரம் இல்லாவிட்டால் பழைய தடிமனான கம்பியில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றிப் பக்கச்சுவர்களைத் தேய்க்கலாம். கடைசியில் பென்சில் கரியைத் தடவிவிட வேண்டும்.

கம்பியை மாற்றாமல் டியூனிங்கை மட்டும் இறக்கினால் கழுத்து பின்னால் வளைந்து, முதல் ஐந்து ஃப்ரெட்டில் கம்பி உரசும். ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு) இடப்பக்கமாக கால் சுற்று தளர்த்தி, ஒரு இரவு விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் ஒரே தடவையில் திருகக் கூடாது.

இன்டொனேஷன் (எந்த ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பது): 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது மேலே இருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு துண்டு) பின்னுக்குத் தள்ள வேண்டும். தடிமனான கம்பி எப்போதும் பின்னால்தான் போகும். சேடில் முழுசும் பின்னால் போன பிறகும் போதவில்லையென்றால், டியூன்-ஓ-மேட்டிக் வகை பிரிட்ஜில் அந்த ஒரு சேடிலைக் கழற்றித் திருப்பிப் போட்டால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் அடிக் கம்பியை மட்டும் இறக்கவே வேண்டாம். ஒரு கம்பி தளர்ந்ததும் பின்னாலிருக்கும் ஸ்பிரிங் பிரிட்ஜை இழுத்து, மற்ற ஐந்தும் மேலே ஏறிவிடும்.

*

சியாட்டில் பக்கம் வருவோம். டிராப் டி (அடிக் கம்பியை மட்டும் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கும் டியூனிங்) அங்கே பரவியதற்கு மெல்வின்ஸின் பஸ் ஆஸ்போர்ன் முக்கியக் காரணம். சவுண்ட்கார்டனின் கிம் தாயில் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாகவே சொல்லியிருக்கிறார். (தாயில் கேரளத்திலிருந்து போன பெற்றோருக்கு சியாட்டிலில் பிறந்தவர்.) டிராப் டி-யில் ஒரே விரலால் பவர் கார்டு (கனமான ரிஃப்புகளில் வரும் எளிய கார்டு) விழும், அதனால் கார்டை வேகமாக நகர்த்தலாம். ஆலிஸ் இன் செயின்ஸ் 1992இல் டர்ட் ஆல்பத்தில் அதையும் ஒரு ஹாஃப் ஸ்டெப் இறக்கினார்கள். அதில் தெம் போன்ஸ் பாட்டின் ரிஃப் 7/8 தாளத்தில் ஓடுகிறது. நாலு நாலாக எண்ணிப் பழகிய டிரம்மர் அங்கே கண்டிப்பாகத் தடுமாறுவார். ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு-மூன்று என்று பிரித்து எண்ணச் சொன்னால் பிடிபடும்.

சவுண்ட்கார்டனின் ரஸ்டி கேஜ் பாட்டு தனிக் கதை. அதில் அடிக் கம்பி மட்டும் பி-க்கு இறங்குகிறது. 46 கம்பியில் இழுவிசை 44 சதவீதம் போய்விடும், ஃப்ரெட்டில் சடசடவென்று அடிக்கும். மேடையில் அந்தப் பாட்டுக்குத் தனிக் கிட்டார் இல்லாமல் வாசிப்பது வீண் வேலை.

சியாட்டில் குழுவான மட்ஹனியின் 1988 பதிவுக்குப் பெயரே இரண்டு ஃபஸ் (கடும் டிஸ்டார்ஷன்) பெடல்கள்: யூனிவாக்ஸ் சூப்பர் ஃபஸ், பிக் மஃப். பிக் மஃப்பைத் தனியாக வீட்டில் கேட்டால் மலைபோல இருக்கும், குழுவோடு போட்டால் காணாமல் போகும். காரணம், அது நடுத்தொனியைக் குழியாக வெட்டிவிடுகிறது. ஆம்ப்பில் மிட்டை 7, 8க்கு ஏற்றி பாஸை 3க்கு இறக்குங்கள். சூப்பர் ஃபஸ்ஸில் கிளம்பும் மேல் ஆக்டேவ், கழுத்துப் பக்க பிக்கப்பில் டோன் குமிழை மூடிவிட்டு 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே வாசித்தால்தான் தெளிவாகக் கேட்கும்.

நிர்வாணாவின் பிளீச் (1989) ஆல்பம் ஒலிப்பதிவாளர் ஜாக் எண்டினோவிடம் எட்டு டிராக்கில், 606.17 டாலர் செலவில் பதிவானது. குறைந்த கருவியில் எவ்வளவு வரும் என்பதற்கு அந்த ஆல்பமே போதும். நெவர்மைண்டின் கம் அஸ் யூ ஆர் பாட்டுக்கு எல்லாக் கம்பியும் முழு ஸ்டெப் கீழே. தண்ணீரில் அலைவது போன்ற அந்தத் தொனி ஸ்மால் குளோன் என்ற கோரஸ் பெடலிலிருந்து வருகிறது. அதில் ஒரு குமிழும் ஒரு சுவிட்சும்தான்.

*

பேஸ்காரர்களுக்கு ஒரு வரி. மோட்டர்ஹெட்டின் லெம்மி மார்ஷல் சூப்பர் பேஸில் மிட்டை முழுசாகத் திறந்து, பாஸையும் ட்ரெபிளையும் மூடிவிட்டு, ரிக்கன்பேக்கரில் கார்டு அடித்தார். ஒரே ஒரு கிட்டார் உள்ள குழுவுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இரண்டு கிட்டார் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், மூவரும் ஒரே இடத்தில் மோதுவார்கள்.

*

ஸ்வீடன் டெத் மெட்டலுக்கு வருகிறேன். 1990இல் ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் டோமாஸ் ஸ்கோக்ஸ்பெரி பதிவு செய்த என்டூம்ப்டின் லெஃப்ட் ஹேண்ட் பாத் ஆல்பத்தில், ரம்பம் அறுப்பது போன்ற கிட்டார் சத்தம் பாஸ் (Boss) நிறுவனத்தின் எச்எம்-2 பெடலிலிருந்து வந்தது. நான்கு குமிழும் முழுசாக வலப்பக்கம். அவ்வளவுதான் அமைப்பு. ஆனால் ஏற்கெனவே டிஸ்டார்ஷன் திறந்த ஆம்ப்பில் இதைப் போட்டால் இரைச்சல்தான் வரும். ஆம்ப் சுத்தமாகவோ லேசான கிரஞ்ச்சிலோ இருக்க வேண்டும், ஆம்ப்பின் பாஸ் 2 அல்லது 3. ரம்பச் சத்தம் 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய மேட்டில் இருக்கிறது. மிக்ஸிங்கில் யாராவது அந்த இடத்தை வெட்டினால் பெடல் வாங்கியதற்கே அர்த்தமில்லை. கை எடுத்த அடுத்த நொடி சீறும், அதனால் நாய்ஸ் கேட்டை (வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் கருவி) பெடலுக்குப் பின்னால் வையுங்கள்.

பழைய எச்எம்-2 (1983 முதல் 1991 வரை வந்தது) வாங்குபவர்கள் அடாப்டர் துளைக்குப் பக்கத்தில் ஏசிஏ (பழைய அடாப்டர் வகை) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்த வகைக்கு இன்றைய 9 வோல்ட் பிஎஸ்ஏ அடாப்டரைத் தனியாகக் கொடுத்தால் விளக்கு மங்கலாக எரியும், சத்தமும் இளைக்கும். பெடல் கெட்டுவிட்டது என்று நினைத்து விற்றுவிடாதீர்கள். 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள், முழுச் சத்தம் வரும். 2020இல் அதே நிறுவனம் கொண்டுவந்த வாசா பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை.

*

பதிவு செய்பவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். எச்எம்-2ஆக இருந்தாலும் ஃபஸ்ஸாக இருந்தாலும் ஒரே ரிஃப்பை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழுக்க இடப்பக்க ஸ்பீக்கரிலும் மற்றதை முழுக்க வலப்பக்க ஸ்பீக்கரிலும் வையுங்கள். ஒரே டேக்கை நகலெடுத்துப் போட்டால் அகலம் வராது. இரண்டு டேக்கிலும் டிஸ்டார்ஷன் கூடிக்கொண்டே போகும் என்பதால், எச்எம்-2 தவிர மற்ற எல்லாவற்றிலும் தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் போதாதது போல் தோன்றும் அளவுக்கு கெயினைக் குறைத்து வாசியுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் மறுபடி டியூன் செய்யுங்கள். இறக்கிய கம்பி ஒரு பாட்டு முடிவதற்குள்ளேயே விலகியிருக்கும்.