ஆசியச் சிங்கத்தை இடம் மாற்றுவது: களத்தில் எங்கே பிசகும்? (அனுபவப் பகிர்வு)

புல்வெளி

1968 கணக்கெடுப்பில் 177. 2025இல் 891. குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களின் இந்த வளர்ச்சி பெரிய சாதனை. ஆனாலும் காட்டில் வாழும் ஆசியச் சிங்கம் அத்தனையும் இன்றுவரை கிர் இருக்கும் சௌராஷ்டிராப் பகுதியில் மட்டும்தான். ஒரு கொள்ளைநோய் வந்தால் ஒதுங்க இன்னொரு வீடு கிடையாது. அதனால்தான் இடமாற்றப் பேச்சு திரும்பத் திரும்ப எழுகிறது. பிடித்து, வண்டியில் ஏற்றி, இன்னொரு காட்டில் இறக்கிவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்வதைப் பற்றித் தெரிந்தவர்கள், எது எங்கே தவறும், ஏன் தவறும் என்று எழுதுங்கள்.

மருந்துப்பெட்டி

மயக்க ஊசியிலிருந்து தொடங்குகிறேன். இங்கே வழக்கமாகப் போடுவது சைலசீன், கெட்டமின் கலவை. கெட்டமினைத் தனியாகப் போட்டால் தசை விறைத்து வலிப்பு வரும். சைலசீனை மட்டும் போட்டால், அசையாமல் கிடக்கும் சிங்கம் ஒரு சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுந்துவிடும். அதனால்தான் இரண்டும் சேர்த்து.

மருந்தின் அளவை எடைதான் தீர்மானிக்கும். எடையைக் கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். வளர்ந்த ஆண் 160 முதல் 190 கிலோ, பெண் 110 முதல் 120 கிலோ என்று வைத்துக்கொண்டு, வயிறு நிறைந்திருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. சிங்கத்தை எளிதாகக் கண்டுபிடிக்க முடிவது இரைப் பக்கத்தில். ஆனால் வயிறு முட்டத் தின்ற விலங்கு மயக்கத்தில் வாந்தி எடுக்கும். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இரையைக் கட்டி வரவழைத்தாலும் அது தின்று முடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

ஊசி தொடைத் தசையில், பக்கவாட்டிலிருந்து இறங்க வேண்டும். பட்டதும் யாரும் பின்னால் ஓடக் கூடாது, வண்டியையும் கிளப்பக் கூடாது. விரட்டினால் உடல் சூடேறும், மருந்தும் சரியாகப் பிடிக்காது. பத்துப் பதினைந்து நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பிறகு நீளமான குச்சியால் காது மயிரைத் தொடுங்கள். காது துடித்தால் பின்வாங்கிக் காத்திருங்கள்.

கண் திறந்தேதான் இருக்கும், இமைக்காது. களிம்பு தடவித் துணியால் மூடாவிட்டால் விழித்திரைக்கும் கருவிழிக்கும் வெயிலே கெடுதல் செய்யும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆசனவாயில் வெப்பமானி. 38, 39 டிகிரி செல்சியஸ் என்றால் கவலை இல்லை. 40ஐத் தாண்டினால் அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். 41ஐத் தொட்டால் காலர் (இருப்பிடம் அறியக் கழுத்தில் மாட்டும் ரேடியோ பட்டை), ரத்த மாதிரி எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் குளிர்விப்பதை மட்டும் பாருங்கள். உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் திறனையே சைலசீன் குலைத்துவிடுகிறது. கோடை நண்பகலில் இந்த வேலையே கூடாது என்பது அதனால்தான்.

மாற்று மருந்தான யோகிம்பினைச் சீக்கிரம் போட்டு எழுப்பிவிடும் அவசரம் பலருக்கு உண்டு. அது சைலசீனை மட்டும்தான் முறிக்கும். உடலில் கெட்டமின் மிச்சமிருந்தால் முதலில் சொன்ன வலிப்பு வந்துவிடும்.

அலைவரிசை

மேலே சொன்னதோடு காலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல் எடையில் மூன்று சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பெண்ணுக்கு மாட்டுவது எளிது. ஆணின் பிடரியில்தான் தவறு நடக்கும். பட்டையை மயிருக்கு மேலேயே வைத்து இறுக்கினால் அளவு சரியாக இருப்பதுபோல் தெரியும். மயிர் படிந்ததும் தளர்ந்து, ஒருநாள் முன்னங்கால் அதற்குள் நுழைந்துவிடும். பிடரியை இரண்டாகப் பிரித்து, தோலோடு பட்டையை வைத்து, உள்ளங்கையைத் தட்டையாக நுழைத்துப் பாருங்கள். வளரும் பருவத்து ஆணுக்குக் காலரே வேண்டாம். கழுத்து பருக்கும், பட்டை பருக்காது.

கூண்டுப்பக்கம்

வண்டியில் போகும்போது சிங்கம் விழித்திருப்பதே நல்லது. மயக்கத்தில் தலை மடங்கி மூச்சு அடைபட்டால் ஓட்டுநருக்குத் தெரியாது. நிற்கவும் படுக்கவும் இடம் இருக்க வேண்டும், பாய்வதற்கு இருக்கக் கூடாது. உட்சுவர் வழவழப்பாக, இருட்டாக இருக்கட்டும். பல் நுழைகிற கம்பி இடைவெளி இருந்தால் கடித்துக் கோரைப்பல்லை உடைத்துக்கொள்ளும். கோரைப்பல் போன சிங்கம் காட்டில் ஆடுமாட்டைத்தான் தேடும்.

குருளை

யாரைக் கொண்டுபோவது என்பதில்தான் என் கவலையெல்லாம். சிங்கம் தனியாள் அல்ல. பெண்கள் தாயும் மகளும் சகோதரியுமாகச் சேர்ந்து வாழ்பவை. ஆண்கள் இரண்டு மூன்றாகக் கூட்டுச் சேர்ந்து தனி எல்லை காப்பவை. ஒன்றையொன்று அறியாத பெண்களை ஒரே அடைப்பில் விட்டால் சண்டைதான் மிஞ்சும். ஒரே கூட்டத்துப் பெண்களையும், அவர்களுக்கு உறவில்லாத ஓர் ஆண் கூட்டணியை முழுசாகவும் எடுக்க வேண்டும்.

எடுத்த இடத்தையும் யோசியுங்கள். கூட்டணியில் ஓர் ஆணை மட்டும் தூக்கினால் மிச்சமிருப்பது பலவீனமாகிவிடும். பக்கத்து ஆண்கள் எல்லைக்குள் நுழைவார்கள், முதலில் குட்டிகளைக் கொல்வார்கள். நாம் ஒன்றை எடுத்த கணக்கு, கிரில் நாலைந்து குட்டிகளின் சாவாக முடியலாம்.

1957இல் உத்தரப் பிரதேசத்தின் சந்திரபிரபாவில் ஓர் ஆண், இரண்டு பெண் விட்டார்கள். 1965க்குள் 11 ஆகப் பெருகின. பிறகு ஒன்றுகூட இல்லை. சிறிய காடு, முறையான கண்காணிப்பு கிடையாது. வெளியே போனவை சுடப்பட்டனவா, விஷம் வைக்கப்பட்டனவா என்று சொல்லக்கூட ஆளில்லை. இனப்பெருக்கம் நடந்தாலே வெற்றி என்று நம்புகிறவர்கள் இதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மருந்துப்பெட்டி

குருளை சொன்னதை ஏற்கிறேன். நோயையும் சேர்க்க வேண்டும். 2018 செப்டம்பரில் கிரின் தல்கானியா சரகத்தில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. நாய்களிடம் பரவும் டிஸ்டெம்பர் வைரஸும், உண்ணி பரப்பும் பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணியும் அப்போது கண்டறியப்பட்டன. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் 1994இல் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போனதும் இதே கூட்டுச் சேர்க்கையால்தான். வைரஸ் எதிர்ப்புச் சக்தியை ஒடுக்கிவிட, ரத்தத்தில் ஏற்கெனவே இருந்த ஒட்டுண்ணி பெருகிக் கொன்றது.

எனவே ஏற்றுவதற்கு முன் தனிமைப்படுத்தலும் ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். உண்ணி நீக்காமல் ஏற்றினால் நோயையும் சேர்த்தே ஏற்றுகிறோம். இறக்கும் காட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் நாய்களுக்குத் தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். சிங்கத்துக்கு எந்தத் தடுப்பூசி என்பதிலும் கவனம் தேவை. நாய்களுக்கான உயிருள்ள வைரஸ் ஊசி சில காட்டு விலங்குகளுக்கு நோயையே உண்டாக்கியிருக்கிறது.

தடம்

கால்நடையாகப் போய்ச் சிங்கத்தை எதிர்கொள்ளும் தடம் பார்ப்பவர்களுக்கு: வால் விசுக் விசுக்கென்று அடிப்பது, காது பின்னுக்கு மடிவது, அடித்தொண்டை உறுமல். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலே நில்லுங்கள். முகத்தைத் திருப்பாமல், ஓடாமல் பின்னால் நகருங்கள். பெரும்பாலும் பொய்ப்பாய்ச்சல்தான், ஓடினால் நிஜமாகிவிடும். இணைசேரும் சோடியிடமும் சிறு குட்டிகளோடு இருக்கும் தாயிடமும் இந்தக் கணக்கு பலிக்காது. அங்கே நெருங்கவே வேண்டாம்.

மாட்டை அடித்துவிட்டால் பிணத்தை இழுத்துப் போடாதீர்கள். பசியோடு போகிற சிங்கம் அன்றிரவே இன்னொரு மாட்டை அடிக்கும். இழப்பீடு தாமதமானால்தான் பிணத்தில் விஷம் விழும். கிரில் மால்தாரிகள் என்ற கால்நடை மேய்ப்பவர்கள் நெஸ் எனப்படும் முள்வேலிக் குடியிருப்பில் தலைமுறைகளாகச் சிங்கத்தோடு பழகியவர்கள். புது ஊரில் அந்தப் பழக்கம் இருக்காது.

கிணறுகளையும் மறக்காதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்த கிணறு ராத்திரியில் சிங்கத்துக்குக் குழி. விழுந்ததை மேலே எடுக்கும்போது தண்ணீரில் இருக்கும்போதே மயக்க ஊசி போட்டால் மூழ்கிவிடும். முதலில் கயிற்றுக் கட்டிலையோ மரக்கட்டையையோ இறக்கி, அது பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க விடுங்கள். அதற்கும் முன்னால் கிணற்றடிக் கூட்டத்தைக் கலையுங்கள்.

புல்வெளி

பர்டா பற்றியும் எழுதிவிடுகிறேன். 2023 ஜனவரியில் ஒரு சிங்கம் யாரும் கொண்டுபோகாமல் தானாகவே போர்பந்தர் அருகிலுள்ள அந்தச் சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2025 கணக்கெடுப்பில் அங்கே 17. நல்ல செய்தி. ஆனால் பர்டா 192 சதுர கிலோமீட்டர்தான், அதுவும் அதே சௌராஷ்டிரா. மருந்துப்பெட்டி சொன்ன தொற்று வந்தால் அந்தத் தூரம் போதாது.

தொலைவில் இருப்பது மத்தியப் பிரதேசத்தின் குனோ. சிங்கத்துக்காக அங்கே 24 கிராமங்கள் காலி செய்யப்பட்டன. ஆறு மாதத்துக்குள் சிங்கங்களை மாற்றுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் குனோவில் நமீபியச் சிவிங்கிப்புலிகள் (சீட்டா) இறங்கின. சிங்கம் இன்னும் வரவில்லை. குனோவின் இரை விலங்குக் கணக்கு, குறிப்பாகப் புள்ளிமான் அடர்த்தி பற்றித் தெரிந்தவர்கள் அடுத்து எழுதுங்கள்.