1938-இன் ராபின் ஹூட் படத்தை விமர்சகர்கள் இன்னமும் உச்சியில் வைத்திருப்பது ஏன்?

கேள்வி:

வணக்கம். எரால் ஃபிளின் நடித்து 1938-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' படத்தை அண்மையில் பார்த்தேன். வெளிவந்த நாளிலிருந்தே விமர்சகர்கள் இதைக் கொண்டாடி வருகிறார்கள். 1995-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்த்துவிட்டார்கள். படம் எனக்கும் பிடித்தது. ஆனால் வரலாறு என்று பார்த்தால் அதில் தேறுவது மிகக் குறைவு. ஷெர்வுட் காடாக வருவது கலிபோர்னியாவில் சிகோ நகரத்துப் பூங்கா. காட்டில் ஒளிந்து வாழ்பவர்களின் உடையில் ஓர் அழுக்குக் கறைகூட இல்லை. பிற்பாடு 1991-இல் கெவின் காஸ்ட்னர் நடித்த படமும், 2010-இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய படமும் சேறும் இரத்தமுமாக அந்தக் காலத்தைக் காட்ட முனைந்தபோது, அதே விமர்சன உலகம் முகம் சுளித்தது. பழைய படத்துக்கு ஓர் அளவுகோல், புதிய படங்களுக்கு வேறொன்று என்பது நியாயமா?

பதில் 1:

ராபின் ஹூட் கதையில் எது உண்மை என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய கதைப்பாடல்களில் அவன் பிரபு அல்லன். மேரியன் என்றொரு காதலியும் அவனுக்கு இல்லை. அவனைத் தேடி மாறுவேடத்தில் வரும் மன்னர் ரிச்சர்ட் அல்லர், எட்வர்ட். பிரபுப் பட்டத்தை அவனுக்குச் சூட்டியவை 1598 வாக்கில் ஆண்டனி மண்டே எழுதிய நாடகங்கள். இங்கிலாந்தின் பழைய குடிகளான சாக்சன்களுக்கும் அவர்களை வென்று ஆண்ட நார்மன்களுக்கும் இடையிலான பகை வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவல் வழியாகக் கதைக்குள் வேரூன்றியது. ஆக, சேற்றைப் பூசினாலும் பட்டாடை உடுத்தினாலும் இரண்டும் கற்பனைக்கு மேல் கற்பனைதான். சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் ரிச்சர்ட் 1192-இல் ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்டிடம் சிறைப்பட்டது மட்டும் நடந்த சம்பவம். மீட்புப் பணம் திரட்டுவதாகச் சொல்லி ரிச்சர்டின் தம்பி ஜான் மக்களைப் பிழிவதாக 1938 படம் அந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.

பதில் 2:

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் விமர்சகர்களின் மதிப்புக்கு அடிப்படை அந்தப் படத்தின் தொழில்திறம் என்பதை விட்டுவிடக் கூடாது. முதலில் இயக்கிய வில்லியம் கீலியின் சண்டைக் காட்சிகளில் வேகம் போதவில்லை என்று கருதிய நிறுவனம், இடையில் மைக்கேல் கர்டிஸைக் கொண்டுவந்தது. அந்த முடிவின் பலனை இறுதி வாட்போரில் காணலாம். ராபினும் வில்லன் கை ஆஃப் கிஸ்பர்னும் மோதிக்கொண்டே நகரும்போது கேமரா அவர்களை விட்டு விலகி, பெருந்தூணின் மேல் விழும் இரு நிழல்களை மட்டும் காட்டுகிறது. ஆட்கள் மறைந்த பின்னும் சண்டை நிற்பதில்லை. கிஸ்பர்னாக வந்த பேசில் ராத்போன் முறையாக வாள்வீச்சு பயின்றவர் என்பதால், தோற்கப்போகிறவன் அவன்தான் என்று தெரிந்தும் நாம் பதறுகிறோம். வில்லன் சளைத்தவனாக இருந்தால் நாயகனின் வீரம் எடுபடாது. பல சரித்திரப் படங்கள் சறுக்கும் இடம் இதுவே.

இசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வியன்னாவைச் சேர்ந்த எரிக் வோல்ஃப்காங் கோர்ன்கோல்ட், இவ்வளவு சண்டை நிறைந்த படம் தமக்கு ஒத்துவராது என்று முதலில் மறுத்தார். யூதரான அவர் பின்னர் இசைந்து அமெரிக்காவில் இருந்த வேளையில்தான் ஹிட்லர் 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கினார். இந்தப் படமே தம் உயிரைக் காத்தது என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இசை, கலை இயக்கம், படத்தொகுப்பு ஆகிய மூன்றுக்கும் ஆஸ்கார் கிடைத்தது.

பதில் 3:

புதிய படங்களை விமர்சகர்கள் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. 1991 படத்தில் ஷெரீஃபாக வந்த ஆலன் ரிக்மன் பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவே பெற்றார். அவர்கள் குறை சொன்னது காஸ்ட்னரின் அமெரிக்க உச்சரிப்பையும் கதையின் தொய்வையும்தான். தென்கடற்கரையில் இறங்கி நாட்டிங்ஹாமுக்குப் புறப்படும் நாயகன், அந்த ஊருக்கு வெகு வடக்கே உள்ள ஹேட்ரியன் சுவரோரம் சண்டை போடுகிறான். இதை எப்படி உண்மைக்கு நெருக்கம் என்பது? 2010 படமோ நமக்குத் தெரிந்த ராபின் ஹூட் பிறக்கும் இடத்தில் முடிந்துவிடுகிறது.

கேள்வி கேட்டவர்:

நன்றி. 2010 படத்தைப் பற்றிச் சொன்னது மனத்தில் பட்டது. அப்படியானால் 1938 படம் வெறும் உற்சாகத்துக்காகத்தான் பாராட்டப்படுகிறது என்று கொள்ளலாமா?

பதில் 2 எழுதியவர்:

பல விமர்சனங்கள் அப்படித்தான் எழுதப்பட்டுள்ளன. அதில் எனக்கு வருத்தம் உண்டு. காட்டு விருந்து களைகட்டியிருக்கும்போதே ராபின், நார்மன் பெண்ணான மேரியனைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய், நார்மன் வீரர்களால் வீடிழந்தும் உறுப்பிழந்தும் அங்கே அடைக்கலம் புகுந்தவர்களைக் காட்டுகிறான். மேரியனாக நடித்த ஒலிவியா டி ஹாவிலண்டின் முகத்தில் செருக்கு கரைவது அங்கேதான். தான் வெறுப்பது அநீதியைத்தான், நார்மன்களை அல்ல என்று அவன் சொல்வதும் அந்த இடத்தில்தான். அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் மேரியன் கட்சி மாறுவதற்குக் காரணமே இருக்காது. பிற்பாதிக் கதை முழுவதும் அவள் அப்படி மாறியதை நம்பித்தான் நடக்கிறது.