நோர்வேஜியக் கூட்டுச்சொல்லில் அழுத்தம் எங்கே விழும்?

பனிமலை:
புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கூட்டுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் முதல் அசையை அழுத்திச் சொல்லுங்கள், மீதி தானாக வரும். துணை அழுத்தம் (இரண்டாம் சொல்லில் விழும் சின்ன அழுத்தம்), தொனி என்று ஆரம்பத்திலேயே பயமுறுத்தினால் ஆட்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

வடகடல்:
அண்ணா, முதல் அசை இல்லை, முதல் சொல். 'ஹொடெல்' என்பதற்கு அழுத்தம் கடைசி அசையில், அதனால் 'ஹொடெல்ரும்' (விடுதி அறை) என்று சேர்த்தாலும் 'டெல்' மேல்தான் விழும். மாணவர் குடியிருப்பைச் சொல்லும் 'ஸ்டுடெண்ட்பூலி'யில் 'டெண்ட்'.

பனிமலை:
கிழக்கு நோர்வேயிலும் நடு நோர்வேயின் ட்ரொண்டெலாக்கிலும் 'ஹொ'வை அழுத்திப் பேசுகிற ஊர்க்காரர்கள் இருக்கிறார்களே தம்பி, அவர்கள் பேசுவது பிழையா?

வடகடல்:
பிழை இல்லை, வட்டார வழக்கு. வகுப்பில் சொல்லித் தருவது அது இல்லை. எனக்கு அதைவிட உறுத்துவது 'மீதி தானாக வரும்' என்பது. வராது அண்ணா. இரண்டாம் சொல்லிலும் சின்ன அழுத்தம் உண்டு, அந்த அசையில் ஒன்று உயிர் நீள வேண்டும், இல்லையென்றால் அடுத்த மெய் நீள வேண்டும். 'ஹூஸ்டாக்' (வீட்டுக் கூரை) என்பதில் 'ஹூஸ்' மேல் ஓங்கி அடித்துவிட்டு மீதியை விழுங்கினால் 'டாக்' குறுகி 'டக்' ஆகிவிடும், கூரை போய் நன்றி வந்து நிற்கும்.

கரையோரம்:
கூட்டுச்சொல்லைப் பிரிப்பதையும் பேசுங்கள். அசைக் கணக்கில் உடைக்காமல் சொற்கள் ஒட்டிய இடத்தில் உடைக்க வேண்டும். இரவு ரயிலுக்கு 'நட்' (natt) + 'டோக்' (tog). சேர்த்தால் t என்ற ஒரே மெய்யெழுத்து மூன்று வர வேண்டும், இரண்டாகச் சுருக்கி எழுதுவார்கள், ஆனால் வரி முடிவில் உடைத்தால் மூன்றாவது திரும்பி வந்துவிடும். அப்புறம், முதல் சொல் விதியையும் எல்லா இடத்திலும் நம்பாதீர்கள், கிறிஸ்டியான்சான், கிறிஸ்டியான்சுன் என்ற ஊர்ப்பெயர்களில் அழுத்தம் கடைசியில்.

பனிமலை:
ஊர்ப்பெயரை ஊரோடு படித்துக்கொள்ளலாம். நான் கவலைப்படுவது 'லம்மெலோர்' மாதிரிச் சொற்களுக்கு. ஒரே அழுத்தத்தில் சொன்னால் ஆட்டுத்தொடை, 'லம்மெ', 'லோர்' இரண்டுக்கும் சமமாகக் கொடுத்தால் முடங்கிப்போன தொடைகள். துணை அழுத்தம் என்று சொல்லிக்கொடுத்தால் ஆட்கள் அந்தச் சம அழுத்தத்தில்தான் போய் விழுவார்கள்.

வடகடல்:
விழ மாட்டார்கள். 'ஹூஸ்', 'டாக்' இரண்டையும் முதலில் தனித்தனியாகச் சரியான நீளத்தில் சொல்லவையுங்கள், பிறகு சேர்த்து இரண்டாவதன் ஓங்கலை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள், நீளத்தைத் தொட வேண்டாம். முதல் வகுப்பிலேயே செய்யலாம்.